நான் கோல் பண்ணவே இல்லை

கயல், முகில், அலமாரிக்கு மேலே இருக்கும் இனிப்புப் பெட்டியை நீங்கள் இரண்டு பேரும் திறந்துவிட்டு, திறக்காத மாதிரி ஒட்டி வைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். உள்ளே எத்தனை குறைகிறது என்றுதான் தெரியாது. நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

நேற்று நான் கேட்டபோது முகில் சுவரைப் பார்த்தான். கயல், நீ மட்டும் தைரியமாக, "நாங்க அத கோல் பண்ணவே இல்லப்பா" என்றாய். எனக்கு வந்த சிரிப்பில் கையில் இருந்த டீ என் சட்டை மேல் கொட்டிவிட்டது. அடி விழும் என்று நின்ற நீங்கள் இன்னும் அதிகமாகப் பயந்துபோனீர்கள். உங்கள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பிள்ளைகளக் கண்டிக்கச் சொன்னா இவரு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு" என்றாள்.

அந்த வாக்கியத்துக்குத்தான் சிரித்தேன். அதே வாக்கியத்தை, முகத்தையும் உன்னைப் போலவே வைத்துக்கொண்டு, நான் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரைப் பற்றி எழுதுகிறேன். நான் ஒன்பதாவது வரை படித்தவன், எழுதினால் இழுக்கும். புனேயிலேயே வளர்ந்த நீங்களும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். என் வேகமும் உங்கள் வேகமும் ஒத்துப்போகும்.

முதலில், எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியின் மூடியில் தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததா? அதைக் குக்கர் ஆவியில் காட்டி உரித்திருக்கிறீர்கள். அதன் ஓரம் பூனைக் காது மாதிரி சுருண்டிருக்கிறது. பிறகு பள்ளிக்கூடப் பசையைப் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். அந்தப் பசை காய்ந்தால் நத்தை போன தடம் மாதிரி மின்னும். இப்படிப் பார்க்கிற புத்தியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் இருந்தவரிடமிருந்து சளி ஒட்டிக்கொள்வது மாதிரி ஒட்டிக்கொண்டது.

நான் சிவகாசியிலிருந்து புனே வந்த முதல் வருடம். போசரியில் அட்டைப் பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. அச்சாகி வரும் அட்டையை வெட்டி மடிப்புக் கோடு போடும் மெஷினில் நின்றேன். அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் வடிவம் போடுகிறவர் அவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கம்பெனியில் எல்லோரும் அவரைத் "தாயி" என்றார்கள். மெஷினுக்குப் பிளேடு பொருத்துகிறவரைக் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவார்கள். அவருக்கு அறுபது வயது, அவரும் தாயி என்றார். இத்தனை பெரிய ஆளுக்கு இந்தச் சின்ன வயதுக்காரர் எப்படித் தாயானார் என்று ஒரு வாரம் குழம்பினேன். மராட்டியில் தாயி என்றால் அக்கா என்று பிறகுதான் தெரிந்தது. நான் அக்கா என்றே கூப்பிட்டேன்.

பெயரை எழுதப் போவதில்லை. கேட்காமல் அவர் கதையைத் திறக்கிறேன், பெயராவது மூடியே இருக்கட்டும்.

அவர் புனேயிலேயே, கட்கியில் பிறந்தவர். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் நன்றாகப் பேசுவார், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. பேசும் தமிழிலும் பாதிக்கு மேல் மராட்டி ஊறியிருக்கும். முதல் நாள் என்னிடம், "தம்பி, அந்தக் கட்ட கொஞ்சம் உச்சலுடா" என்றார். நான் ஊஞ்சலைத் தேடினேன். தூக்கச் சொல்லியிருக்கிறார்.

வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்திருப்பார். மற்ற ஒன்பதும் ஒட்ட வெட்டியிருக்கும். மூடியிருக்கிற எந்தப் பொருளைக் கண்டாலும் அந்த நகம் அதன் ஓரத்தில் போய் நிற்கும். பிஸ்கட் பெட்டி, மருந்துப் பெட்டி, கல்யாணப் பத்திரிகையின் கவர், யாருடையது என்பது கணக்கில்லை. அவருக்கு உள்ளே இருப்பது வேண்டாம். இதை ஒருவன் திறந்து மூடினால் இது காட்டிக்கொடுக்குமா, கொடுக்காதா? அது தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சோறு இறங்காது.

"உங்க ஊரு தீப்பெட்டி இருக்குதே, அது ஊமைடா தம்பி. பத்து தபா திறந்தாலும் ஒண்ணும் சொல்லாது" என்பார்.

"தீக்குச்சிய எவன்க்கா திருடப் போறான்?"

"அதான் ஊமையாவே வளந்துடுச்சு."

ஒரு தடவை மாதிரிக்குச் சில பெட்டிகள் வாங்க வேண்டும் என்று ஹடப்சரில் ஒரு பெரிய கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். பை தூக்க ஆள் வேண்டுமே. அவர் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் காதருகே வைத்து நகத்தால் தட்டிக் கேட்டார், தேங்காய் வாங்குவது மாதிரி. காவலாளி வந்துவிட்டார்.

"என்ன மேடம், திருடப் பாக்கறீங்களா?" என்றார் இந்தியில்.

"இல்லண்ணா, உங்க கடைல யார் திருடியிருக்காங்கன்னு பாக்கறேன்" என்றார் அக்கா. சொன்னதோடு விட்டாரா? அலமாரியிலிருந்து நாலு பெட்டியை உருவி வரிசையாக வைத்தார். "இத பிளேடால கிழிச்சு ஒட்டினது. இத அடிப்பக்கமா திறந்தது. இதுல பாதி காலி. இது எலி." காவலாளி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அக்கா சொன்னது நாலும் சரி. அரை மணி நேரம் கழித்து நாங்கள் மேனேஜர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். காவலாளி நோட்டுப் புத்தகத்தோடு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

தீபாவளிக் கதை இதைவிட மோசம். முதலாளி எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி கொடுத்தார். நாங்கள் வாங்கிக் கும்பிட்டோம். அக்காவும் கும்பிட்டிருக்கலாம். அவர் நகம் மூடியைச் சுற்றி ஒரு வட்டம் போனது.

"சார், இது மூணு வீடு பாத்த பெட்டி."

"என்ன தாயி சொல்றே?"

"முதல்ல திறந்தவர் அவசரக்காரர். அடுத்தவர் எண்ணெய்க் கை. கடைசியா மூடினவங்க மட்டும் ரொம்ப நேர்த்தியா மூடியிருக்காங்க. உங்க வீட்டம்மாவா சார்?"

நாங்கள் தரையைப் பார்த்தோம். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, அதுதான் வேடிக்கை. அந்த நேர்த்தியை உண்மையாகவே பாராட்டினார். அடுத்த தீபாவளியிலிருந்து எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர்தான் கிடைத்தது. டம்ளருக்கு மூடி கிடையாது.

இப்படிப்பட்டவர் இரண்டு வருடமாக ஒரே ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கம்பெனி குழந்தைகளுக்குச் சத்துப் பொடி செய்தது. ஒரு பெட்டியில் முப்பது பொட்டலம், நாளுக்கு ஒன்று. வாங்குகிற தாய்க்கு, இதை வேறு எவனும் திறக்கவில்லை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். ஆனால் வீட்டில் திறந்த பிறகு முப்பது நாளும் அதே பெட்டியை நன்றாக மூடி வைக்கவும் முடிய வேண்டும். பிளாஸ்டிக் உறை கூடாது, வெறும் அட்டையிலேயே எல்லாம் செய்ய வேண்டும் என்று அக்காவே தன் தலையில் போட்டுக்கொண்டார்.

"முதல் தபா திறந்தா கத்தணும். அப்புறம் முப்பது நாள் வாய மூடிக்கினு இருக்கணும்" என்பார். "மனுசன்லயே அப்டி ஆள் கெடைக்காது. நான் அட்டைல தேடறேன்."

அவர் கண்டுபிடித்தது இதுதான். பெட்டியின் நெற்றியில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அதை இழுத்தால் சர்ரென்று கிழிந்து வரும். கிழிந்த இடத்தில் வெள்ளை மேல்தாள் போய் உள்ளே இருக்கும் காவி நிறம் தெரியும். அதைக் காயம் என்பார். எந்தப் பசையாலும் அந்தக் காயத்தை ஆற்ற முடியாது. பட்டை போன பிறகு அட்டையில் ஒரு நாக்கு மிஞ்சும். அதை எதிரே இருக்கும் பிளவில் செருகினால் டக்கென்று உட்காரும். மறுபடி திறக்கலாம், மறுபடி செருகலாம். பட்டை சரியாகக் கிழிய, கோட்டின் மேல் பிளேடு அட்டையைப் பாதி ஆழம் மட்டும் வெட்ட வேண்டும். குறைந்தால் பட்டை சரியாகக் கிழியாது. கூடினால் பெட்டி தானே திறந்துகொள்ளும்.

அதைச் சோதிக்க ஒரு திருட்டுப் போட்டி வைத்தார். சனிக்கிழமை ஆளுக்கொரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எப்படி வேண்டுமானாலும் திறந்து, திறக்காத மாதிரி மூடி, திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். அவர் நகத்தை ஓட்டிப் பார்த்து எந்த வழியில் திறந்தோம் என்று சொல்வார். பிடிபட்டவர்கள் நாக்கின் உள்பக்கத்தில் "திறந்தேன்" என்று அவரவர் மொழியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தோற்றால் ஷிப்டுக்கே வடா பாவ்.

போசரியில் அத்தனை திருட்டு மூளை இருந்தது என்று அதற்கு முன் யாருக்கும் தெரியாது. ஒருவர் டீக்கடைக் கெட்டிலின் ஆவியைப் பிடித்தார். ஒருவர் குல்ஃபி வண்டிக்காரரிடம் கெஞ்சி, ஐஸுக்குள் பெட்டியை ஒரு மணி நேரம் வைத்து, பசை மொறுமொறுவென்று ஆனதும் உடைத்தார். அக்காவுக்கு அந்த ஆள் மேல் அளவில்லாத பிரியம் வந்துவிட்டது. நோட்டில் "குல்ஃபி வழி" என்று எழுதி, திருடன் பெயரையும் போட்டு, அடுத்த வாரமே வேறு பசைக்கு மாறினார். யாரையும் திட்டியதில்லை.

"திறக்கறது தப்பு இல்லடா. திறந்துட்டு, திறக்காத மூஞ்சிய வெச்சிக்கறான் பாரு, அதான் தப்பு."

ஒரு சனிக்கிழமை என் முறை வந்தது. பெட்டியை அறைக்குக் கொண்டுபோய்த் தகரப் பெட்டி மேல் வைத்தேன். ஞாயிறு துணி துவைத்தேன், தூங்கினேன். திங்கள் காலையில் கம்பெனி கேட்டில்தான் ஞாபகம் வந்தது. நான் அதைத் தொடவே இல்லை.

மேஜை மேல் எல்லோர் பெட்டியோடும் என் பெட்டியையும் வைத்தேன். அக்கா வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "ஆவி. பிளேடு. பல்லு. பல்லாலயாடா திறந்தே?" என் பெட்டிக்கு வந்ததும் நின்றார். நகம் ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்று போனது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலியே. திறந்தியா தம்பி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே எனக்குப் பட்டப்பெயர் புஸ்வாணம். சிவகாசிக்காரன், எதற்கும் வெடிக்காதவன் என்று அர்த்தம். மறந்துபோனேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "திறந்தேங்க்கா" என்று வந்தது.

திறந்துவிட்டு இல்லை என்கிற திருடர்களை அக்கா ஆயிரம் பேரைப் பார்த்திருப்பார். திறக்காமலேயே திறந்தேன் என்கிறவனை அவர் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு ஜென்மம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கண்ணை அகலமாக்கி என்னைப் பார்த்தார். பிறகு கையைத் தட்டினார். "புஸ்வாணம் வெடிச்சிடுச்சுடா" என்று மராட்டியில் எல்லோருக்கும் சொன்னார். வடா பாவ் வந்தது. எனக்கு மட்டும் இரண்டு.

"எப்டிடா பண்ணே?"

"தொழில் ரகசியம்க்கா" என்றேன் வாய் நிறைய வைத்துக்கொண்டு. அந்த மாதிரி ருசியான வடா பாவை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த ருசி போய்விட்டது. அக்கா காலையிலிருந்து என் பெட்டியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு புதுப் பெட்டியை வைத்து இரண்டையும் எடை போட்டார். சாப்பாட்டு டப்பா மூடியே இருந்தது. என் பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாமே என்றார் காகா. "திறந்தா அவன் பண்ண வித்தையும் சேந்து கிழிஞ்சிடும்" என்றார் அக்கா. மத்தியானம் முதலாளியின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது.

"சார், சனிக்கிழமை அந்தப் பொடிக் கம்பெனிக்காரங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க. பெட்டி தோத்துடுச்சு. ஒரு புதுப் பையன் தடமே இல்லாம திறந்துட்டான்."

"ரெண்டு வருஷம் தாயி. இப்ப வேணாம்னா அவங்க பிளாஸ்டிக் உறைக்குப் போயிடுவாங்க. அப்புறம் நீ செருப்புப் பெட்டிதான் போடணும்."

"போடறேன் சார். பொய் சொல்ற பெட்டிய கொழந்தைங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

பொய் சொன்னது பெட்டியா? அது பாவம், திங்கட்கிழமையிலிருந்து உண்மையை மட்டும் சொல்லிக்கொண்டு மேஜை மேல் உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் "திறக்கல" என்று நேராகச் சொல்ல நாக்கு கூசியது. தமிழில் சொன்னால் என் அம்மாவிடம் சொல்வது மாதிரி இருந்தது. இந்த ஊர் வார்த்தையில் சொன்னால் உறைக்காது, கசப்பு மருந்தை வெல்லத்தில் வைத்துக் கொடுப்பது மாதிரி இறங்கிவிடும் என்று நினைத்தேன். பஸ்ஸில் எல்லோரும் "தர்வாஜா கோலோ" என்பார்கள். கதவைத் திற. அந்த இந்தி வார்த்தை எனக்குத் தெரியும். அக்காவிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"அக்கா, நான் அந்தப் பெட்டிய கோல் பண்ணவே இல்ல."

அக்கா நிமிர்ந்தார். "கோல் பண்ணலியா?"

"இல்லக்கா."

"நிஜமாவா?"

"சத்தியமாக்கா. மன்னிச்சிருங்க."

அவர் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆனது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அதான் பாத்தேன். ரெண்டு நாளா மண்டைய ஒடச்சிக்கினு இருக்கேன். எவ்ளோ பெரிய மனசுடா உனக்கு, உன் தப்ப நீயே வந்து சொல்றே." என் முதுகில் தட்டினார். அன்றைக்கும் எனக்கு வடா பாவ் வாங்கிக் கொடுத்தார். பாவ மன்னிப்பு இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் என் மெஷின் நிற்கிறது. காகா பிளேடுக்கு அடியில் மெல்லிய காகிதப் பட்டை ஒட்டி உயரத்தைக் கூட்டுகிறார். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, "கோல் காகா, இன்னும் கோல்" என்கிறார்.

"என்ன காகா பண்றீங்க?" என்றேன்.

"வெட்டு ஆழம் பத்தலையாமே. நீதான் ஒத்துக்கிட்டியாம், ஆழம் வைக்கலன்னு."

மராட்டியில் கோல் என்றால் ஆழம், பிள்ளைகளே. இந்தியில் திற. நம் தமிழில் கம்பு. அந்தக் கம்பை எடுத்து யாராவது என்னை நாலு சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெஷின்காரன் வெட்டை ஆழமாக வைக்கவில்லை, அதனால்தான் பட்டை கிழியாமல் தடம் இல்லாமல் உரிந்து வந்திருக்கிறது என்று அக்கா புரிந்துகொண்டார். அந்தத் தப்பை நான் ஒப்புக்கொண்டதாக முதலாளியிடமும் சொல்லிவிட்டார். முதலாளி வந்து என்னைப் பார்த்து, "நல்ல பையன்" என்று வேறு சொன்னார். சனிக்கிழமை வரலாம் என்று பொடிக் கம்பெனிக்குத் தகவல் போனது. மூன்று வடா பாவும் ஒரு நல்ல பெயரும் வாங்கியவன் அதற்கு மேல் எப்படி வாயைத் திறப்பான்? புது ஆழத்தில் ஐம்பது பெட்டியை நானே வெட்டினேன். என் கையாலேயே.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். ஒரு வயதான அம்மாளும் டை கட்டிய ஒருவரும். முதலாளி அறையில் ஏசி போட்டு, நீள மேஜையில் ஐம்பது பெட்டிகளையும் பொட்டலம் நிரப்பி, மூடி, மூன்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பெட்டி தூக்கிவந்த நானும் காகாவும் கதவோரம் நின்றோம். அக்கா நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் என் பழைய பெட்டி. தோற்ற பெட்டிக்கும் ஜெயித்த பெட்டிக்கும் வித்தியாசம் காட்டக் கொண்டுவந்திருந்தார்.

"யார் திறந்தாலும் இது சொல்லிவிடும்" என்று ஆரம்பித்தார்.

டப் என்றது. முதல் வரிசையில் ஒரு பெட்டி தானே பிளந்து நாக்கை நீட்டியது.

அக்கா அதைப் பார்த்தார். நாக்கை உள்ளே தள்ளிவிட்டு, "யாரும் திறக்காதவரை" என்று தொடர்ந்தார். டப். இன்னொன்று. ஏசிக் காற்றில் அட்டை காயக் காய, ஆழமாக வெட்டுப்பட்ட கோடு தாங்கவில்லை. டப், டப், டப் டப். பொரிகடலைச் சட்டி மாதிரி அறை முழுவதும் வெடித்தது. வரிசை வரிசையாகப் பெட்டிகள் வந்தவர்களைப் பார்த்து நாக்கை நீட்டின. டை கட்டியவர் நாற்காலியைப் பின்னால் இழுத்தார். முதலாளி இரண்டு கையாலும் ஆறு பெட்டிகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்க முயற்சி செய்தார். காகா ராமா ராமா என்றார்.

அக்கா என்னைத்தான் பார்த்தார். கோபமாக இல்லை. கணக்கு ஏன் தப்பாகிறது என்று கேட்கிற குழந்தை மாதிரி பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, திறக்கல" என்றேன். "அந்தப் பழைய பெட்டிய நான் திறக்கவே இல்ல. ஞாயித்துக்கெழம மறந்துட்டேன். திறந்தேன்னு பொய் சொன்னேன். ஆழம் கீழம் ஒண்ணும் தெரியாது எனக்கு. கோல்னா திறக்கறதுன்னு நெனச்சுச் சொன்னேன்."

இன்னும் இரண்டு பெட்டி டப் டப் என்றது. அக்காவின் உதடு அசைந்தது. கோல், என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இந்தியில் ஒரு தடவை, மராட்டியில் ஒரு தடவை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பெட்டிகளோடு சேர்ந்து அவரும் வெடித்தார்.

"அப்ப இது பொய் சொல்லலியா?" என்று கையில் இருந்த பெட்டியைக் காட்டினார்.

"இல்லக்கா. நான்தான்."

"அஞ்சு நாளா இது கரெக்டா சொல்லிக்கினு கெடந்துச்சு, என்ன யாரும் தொடலன்னு. நான் இத நம்பாம உன்ன நம்பினேன் பாரு." பெட்டியை என் கையில் வைத்தார். "இந்தா. இப்பத் திற."

பட்டையின் நுனியைப் பிடித்து இழுத்தேன். சர்ர்ர். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். வெள்ளை அட்டையில் காவிக் காயம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடியது. நாக்கைச் செருகினேன், டக். எடுத்தேன், செருகினேன், டக். வெட்டு முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது.

"அந்தப் பையன் என்ன சொன்னான்?" என்றார் அந்த அம்மாள்.

முதலாளி தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். தகரப் பெட்டி, வடா பாவ், பூதக்கண்ணாடி, தான் ஏமாந்தது, எதையும் மடிக்கவில்லை. அந்த அம்மாள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். கோல் வந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். பழைய ஆழத்தில் வெட்டிய பெட்டி இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். பன்னிரண்டு இருந்தது. "எங்க ஆட்களும் திருடிப் பார்க்கட்டும்" என்று வாங்கிப்போனார்கள். ஒரு மாதம் கழித்து ஆர்டர் வந்தது. அதுவரை முதலாளி என்னை நல்ல பையன் என்று சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அக்கா அந்தப் பெட்டியின் நாக்கை மடித்துப் பேனாவை நீட்டினார். "எழுது. உன் பாஷைல எழுது."

'திறந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதன் மேல் நகத்தை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார்.

"இது இன்னாது, தி-யா?"

"ஆமாக்கா."

"கொம்பு மாதிரி அழகா வளைஞ்சு கீது. இனிமே மாட்டினா இதுலயே சொல்லு. எனக்கு அர்த்தம் மாறாது."

அடுத்த வருடம் அவர் நாசிக்குக்கு வேறு வேலைக்குப் போனார். போகும்போது என் டிபன் டப்பாவின் மூடிக்குக் குறுக்கே ஒரு பட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். எனக்குத் தெரியாமல்தான். மத்தியானம் எல்லோர் முன்னாலும் அதைத் திறக்க நான் பட்ட பாட்டை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. கடையில் சில பெட்டிகளின் நெற்றியில் அந்தப் பட்டையைப் பார்ப்பேன். என் கட்டைவிரல் தானாக அங்கே போகும். காவலாளி பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் அம்மாவோடு காய்கறிச் சந்தைக்குப் போயிருக்கிறீர்கள். இதுவரை எழுதிவிட்டு, நாற்காலி போட்டு ஏறி அந்த இனிப்புப் பெட்டியை இறக்கினேன். பூனைக் காதைப் பிடித்து ஸ்டிக்கரை உரித்தேன். நாலு குறைகிறது. ஐந்தாவதைப் பாதி கடித்து, கடித்த பக்கத்தைக் கீழே வைத்து அடுக்கியிருக்கிறீர்கள். முகில், முன்பல் விழுந்தவன் நம் வீட்டில் நீ ஒருவன்தான். அந்தப் பாதியை நான் தின்றேன். மூடியின் உள்பக்கத்தில் 'திறந்தேன். அப்பா' என்று எழுதினேன். அதற்குக் கீழே இரண்டு பெயருக்கு இடம் விட்டு, பேனாவையும் உள்ளேயே வைத்து, ஒட்டாமல் மூடி, பழைய இடத்தில் ஏற்றி வைத்துவிட்டேன்.